இரண்டு அடி வித்தியாசம்: ஒரே வகை அலுமினியப் படகில் சிறியதா, பெரியதா?

கனடாவின் தென் ஒன்ராறியோவில் மீன்பிடிக்கும் ஆசையோடு முதன்முறையாகப் படகு வாங்கப் போகிறவர் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து தடுமாறுகிறார். விற்பனை முற்றத்தில் ஒரே நிறுவனத்தின் ஒரே தொடரைச் சேர்ந்த இரண்டு ஆழ் 'வி' (அடிப்பக்கம் V எழுத்துப்போல் சரிந்த) அலுமினியப் படகுகள் அருகருகே நிற்கும். ஒன்று 16.5 அடி, மற்றது 18.5 அடி. இருக்கைகளும் மீன்தொட்டியும் சுக்கானும் அச்சொட்டாக ஒன்றுபோலவே இருக்கும். விலை அட்டையில் மட்டும் பெரிய இடைவெளி தெரியும். "இரண்டு அடிக்கா இவ்வளவு காசு?" என்று சிலர் சிறியதை எடுக்கிறார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் இரண்டு அடிதானே" என்று வேறு சிலர் பெரியதை எடுக்கிறார்கள். இரு சாராரும் படகை நீளத்தால் அளக்கும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்.

நீளம், அகலம், உள்ளாழம் மூன்றும் ஒரே விகிதத்தில் வளர்வதாக வைத்துக்கொண்டால், 16.5 அடியிலிருந்து 18.5 அடிக்குப் போகும்போது நீளம் 12 வீதம்தான் கூடுகிறது. ஆனால் படகின் கனவளவு 1.12 என்ற எண்ணை மூன்று முறை பெருக்கிய அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 40 வீதம் கூடுகிறது. நிஜப் படகுகளின் எடையிலும் கணக்கு இதற்கு அருகிலேயே வரும், சில வேளைகளில் இதையும் தாண்டும். இந்த 40 வீதம் அலைக்குள் உங்களுக்குத் துணை நிற்கும். தரைக்கு வந்ததும் மோட்டாராகவும் பெற்றோலாகவும் ட்ரெய்லராகவும் இழுக்கும் வாகனமாகவும் உங்களிடம் கணக்குக் கேட்கும். ஆகவே கீழே உள்ள படிகளைச் சொல்லப்பட்ட வரிசையிலேயே செய்யுங்கள். படகைப் பார்க்கும் படி வேண்டுமென்றே நான்காவதாக வைக்கப்பட்டிருக்கிறது.

முதற்படி: எந்த நீரில் ஓட்டப் போகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து, வருகிற மே முதல் ஒக்ரோபர் வரை உண்மையில் எத்தனை நாள் தண்ணீரில் இருப்பீர்கள், அவற்றில் எத்தனை நாள் எந்த ஏரியில் என்று எழுதுங்கள். வேலை, பிள்ளைகளின் வகுப்புகள், கோயில், கலியாண வீடுகள் எல்லாவற்றையும் கழித்தால் பலருக்குப் பதினைந்து நாள்கூட மிஞ்சாது. அந்தப் பதினைந்தும் எங்கே கழியும் என்பதுதான் கேள்வி.

கவர்தா ஏரிகளிலும், சிம்கோ ஏரியின் தெற்கிலுள்ள குக்ஸ் பே போன்ற ஒதுக்கான இடங்களிலும் கரை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே நன்றாகக் கட்டப்பட்ட 16.5 அடிப் படகு தாராளமாகப் போதும். சிம்கோவின் நடுப்பகுதி வேறு கதை. காற்று ஏரியின் முழு நீளத்தையும் கடந்து வரும் நாளில் இரண்டு விநாடிக்கு ஓர் அலை வந்து அடிக்கும். அப்படிப்பட்ட அலைகளின் முகடுகளுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 6 மீற்றர். 18.5 அடிப் படகு, அதாவது 5.6 மீற்றர் நீளமுள்ளது, ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டைக் கிட்டத்தட்ட எட்டிப்பிடித்துக்கொண்டு போகும். 5 மீற்றர் நீளமான சிறிய படகின் அணியம், அதாவது முன்முனை, அலைப்பள்ளத்துக்குள் இறங்கி, அடுத்த அலையில் முட்டி மேலே வரும். வேகத்தைக் குறைப்பதைத் தவிர அதற்கு வேறு மருந்து இல்லை.

ஒன்ராறியோ ஏரியையும் ஈரி ஏரியையும் இவற்றோடு சேர்த்து எண்ணக் கூடாது. ஒன்ராறியோ ஏரி மேற்கிலிருந்து கிழக்காக 311 கிலோமீற்றர் நீண்டு கிடப்பதால், கிழக்குக் காற்று வீசும் நாளில் ரொறன்ரோக் கரைக்கு வரும் அலை அத்தனை தூரமும் வளர்ந்துகொண்டே வருகிறது. வடக்குக் காற்று இதைவிட ஏமாற்றுக்காரன். அது கரையிலிருந்து ஏரிக்குள் வீசுவதால் கரையோர நீர் எண்ணெய் விட்டதுபோல் அமைதியாகக் கிடக்கும், வெளியே போகப் போகத்தான் அலை எழும். ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீற்றர் மட்டுமே என்பதால் அங்கே காற்று எழுந்த சிறிது நேரத்திலேயே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் மாறிவிடும்.

வடக்குக் காற்றைப் பற்றி நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. என்னிடம் 16 அடிப் படகு இருந்த காலத்தில், ஒரு மே மாதக் காலையில் ஸ்காபரோவின் புளஃபர்ஸ் பார்க்கிலிருந்து மூன்று பேர் கிளம்பி, கண்ணாடிபோன்ற நீரில் ஐந்து கிலோமீற்றர் தெற்கே போய்விட்டோம். திரும்பும்போது அதே ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. ஒவ்வோர் அலைக்கும் அணியம் படாரென்று விழ, முன்னால் இருந்த நண்பர் இருக்கையை விட்டுவிட்டுக் கால்களை மடித்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். தேநீர் ஃபிளாஸ்க் படகின் உள்ளே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருண்டபடி இருந்தது. அதை எடுத்து வைக்க எவருக்கும் கை வரவில்லை. அன்று ஏரி நீரின் வெப்பம் 5 பாகை. படகு கவிழவில்லை, தண்ணீரும் அதிகம் ஏறவில்லை. ஆனால் அந்த நீருக்கு அந்தப் படகு இல்லை என்பது எங்கள் முதுகெலும்புக்குத் தெரிந்துவிட்டது.

ஊரில் கரையோரம் வளர்ந்தவர்களுக்கு இடையில் ஒரு சொல். "யாழ்ப்பாணத்து வடமராட்சியில் சின்ன ஃபைபர் படகில் கடலுக்கே போய் வருகிறார்கள், ஏரிக்கு ஏன் இவ்வளவு யோசனை?" என்று என் மாமா கேட்டார். பெருங்கடலிலிருந்து வரும் அலை நீண்டது, படகு அதில் ஏறி இறங்க நேரம் கொடுக்கும். ஏரி அலை நீங்கள் இறங்கி முடிக்கும் முன்பே அடுத்ததை அனுப்பிவிடும். தவிர, சோளகக் காற்று எப்போது, வாடைக் காற்று எப்போது என்று அறிந்த அந்த மனிதர்கள் போகக் கூடாத நாளில் வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை மட்டும் விடுமுறை கிடைக்கும் நமக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

என் அளவுகோல் இது. கனடா சுற்றுச்சூழல் துறையின் நீர்நிலை முன்னறிவிப்பு காற்றின் வேகத்தை நொட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் தருகிறது. 20 முதல் 33 நொட் வரை எதிர்பார்க்கப்பட்டால் கடுங்காற்று எச்சரிக்கை விடுகிறது. திறந்த பெரிய ஏரியில் 16.5 அடிப் படகுக்கு 12 நொட், 18.5 அடிப் படகுக்கு 15 நொட் என்று நான் எல்லை வைத்திருக்கிறேன். பெரிய படகு தருவது இந்த மூன்று நொட் இடைவெளியும், வீடு திரும்பும்போது வலிக்காத முதுகும்தான். எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் இரண்டுமே வீட்டில் நிற்க வேண்டியவை. உங்கள் தாளில் பெரிய ஏரி நாட்கள் நான்கில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் சிறிய படகை எடுத்து, நல்ல நாள் பார்த்துப் பெரிய ஏரிக்குப் போங்கள். பாதிக்கு மேல் என்றால், குறிப்பாக ஒன்ராறியோ ஏரியில் சல்மன் பிடிப்பதுதான் நோக்கம் என்றால், 18.5 அடிக்குக் கீழே இறங்காதீர்கள்.

இரண்டாம் படி: வீட்டு வாசலில் நிற்கும் வாகனம்

விலை அட்டையில் எழுதியிருக்கும் எடை வெறும் படகுடையது. நீங்கள் இழுக்கப் போவது அதை மட்டுமல்ல. 16.5 அடிக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்: படகு 480 கிலோ, 60 குதிரைவலு மோட்டார் 115 கிலோ, 80 லீற்றர் பெற்றோல் 60 கிலோ, இரண்டு பற்றரி 50 கிலோ, ட்ரெய்லர் 250 கிலோ, நங்கூரம், தூண்டில், உயிர்காப்பு அங்கி முதலியன 60 கிலோ. மொத்தம் 1,015 கிலோ. 18.5 அடியில் படகு 700, 115 குதிரைவலு மோட்டார் 170, 140 லீற்றர் பெற்றோல் 104, நான்கு பற்றரி 100, ட்ரெய்லர் 400, சாமான்கள் 80 என்று 1,554 கிலோ வரும். உங்கள் படகின் எண்கள் சற்று மாறலாம், ஆனால் இடைவெளி பெரிதாக மாறாது.

இந்த இரண்டு கூட்டுத்தொகைகளையும் இரண்டு கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று சட்டத்தின் கோடு: ஒன்ராறியோவில் ஏற்றிய பாரத்தோடு 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் எடையுள்ள ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருக்க வேண்டும். மற்றது வாகனத்தின் கோடு: நம்மவர் வாசல்களில் அதிகம் நிற்கும் டொயோட்டா சியன்னா, ஹொண்டா ஒடிசி வேன்களின் இழுவை எல்லை 3,500 இறாத்தல், அதாவது 1,588 கிலோ. 1,015 கிலோவை அவை சிரமமின்றி இழுக்கும். 1,554 கிலோ தாளில் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் வேனுக்குள் ஏறும் ஆட்களும் குளிர்பெட்டியும் வாகனத்தின் மொத்தப் பார எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதை மறந்துவிட்ட கணக்கு அது. ஹொண்டா சி.ஆர்.வி.யின் எல்லை 1,500 இறாத்தல் மட்டுமே. அதை வைத்திருப்பவர் இரண்டு படகுகளையும் மறந்துவிட்டு முதலில் வாகனத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எண்கள் போதவில்லை என்றால் ஒருமுறை வெறும் வேனில் பிரிம்லி வீதியின் தென்கோடிக்குப் போய்ப் பாருங்கள். புளஃபர்ஸ் பார்க்கின் படகுத்துறைக்கு அந்தச் செங்குத்தான இறக்கம் வழியாகத்தான் போக வேண்டும். காலையில் ஒன்றரைத் தொன் பின்னாலிருந்து தள்ள அதில் இறங்குவதும், மாலையில் ஈரமான சாய்தளத்திலிருந்து அதே பாரத்தை இழுத்துக்கொண்டு ஏறுவதும் எப்படி இருக்கும் என்று மனதில் ஓட்டிப் பார்த்தால் விடை வந்துவிடும். பெரிய படகுக்காக வாகனத்தையும் மாற்ற வேண்டியிருந்தால், அந்த மாற்றத்தின் செலவு படகின் விலையில் ஒரு பகுதி என்றே எண்ணுங்கள்.

மூன்றாம் படி: அளவுநாடா

16.5 அடிப் படகு ட்ரெய்லரின் முன்கம்பியையும் பின்னால் நீட்டும் மோட்டாரையும் சேர்த்தால் 20 அடியைத் தொட்டுவிடும், 18.5 அடிப் படகு 22 அடியைத் தாண்டும். கராஜின் உட்சுவரிலிருந்து மூடிய கதவுவரை அளந்து பாருங்கள். முன்கம்பி மடங்கும் ட்ரெய்லர் இரண்டு அடியை மிச்சப்படுத்தும். வாசலில் நிறுத்துவதாக இருந்தால் உங்கள் நகரசபையின் விதியை முன்கூட்டியே கேளுங்கள், ஏனெனில் பல நகரசபைகள் வீட்டு முன்றிலில் படகு நிறுத்துவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. வெளியிடத்தில் நிறுத்தினால் பனிக்காலக் கட்டணமும் உறை போடும் கூலியும் பெரும்பாலும் அடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கிடப்படும்.

நான்காம் படி: இப்போது படகைப் பாருங்கள்

'ஆழ் வி' என்ற சொல் விளம்பரத்தில் தாராளமாகப் புழங்குகிறது. 1960-இல் மயாமி–நசோ படகோட்டப் பந்தயத்தில் முரட்டு அலையைக் கிழித்துக்கொண்டு வென்ற 'மொப்பி' என்ற படகுதான் இந்த அடிவடிவத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அதன் சொந்தக்காரர் ரிச்சர்ட் பெர்ட்ராம், வடிவமைத்தவர் ரேமண்ட் ஹண்ட். அந்த வடிவத்தில் அடிப்பக்கம் பின்முனைவரை 24 பாகைச் சரிவோடு போகிறது. அலுமினிய மீன்பிடிப் படகுகளில் அணியம் கூர்மையாக இருந்தாலும், பின்முனையில் சரிவு 12 முதல் 20 பாகை வரைதான் இருப்பது வழக்கம். அது குறையும் அல்ல. சரிவு கூடினால் அலை மெதுவாகப் படும், ஆனால் படகு நிற்கும்போது ஒரு பக்கமாகச் சாயும், வேகத்தில் நீர்ப்பரப்பின் மேலெழுந்து ஓட அதிக வலுவும் கேட்கும்.

உங்கள் கைத்தொலைபேசியிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து, பின்பலகைக்கு ஓர் அடி முன்னால், ஏராவுக்கும் (அடிப்பக்கத்தின் நடுக்கோடு) பக்கச்சுவருக்கும் இடையிலான சரிவில் வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் அளந்து சராசரி எடுத்தால் ட்ரெய்லரின் சாய்வு கழிந்துவிடும். ஒரே தொடர் என்று சொல்லப்படும் இரண்டு படகுகளிலும் இந்த எண் வேறாக இருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். பெரியதில் இரண்டு மூன்று பாகை கூடுதலாக இருக்கும். அடித்தகட்டின் தடிப்பையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு படகுக்குள் ஏறி, தரையிலிருந்து பக்கச்சுவரின் மேல்விளிம்புவரை அளந்து, அது உங்கள் முழங்காலுக்கு மேலே எங்கே முடிகிறது என்று பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளையோடு போகிறவருக்கு நீளத்தைவிட இந்த அளவு முக்கியம்.

சுவர் உயர உயர அது காற்றுக்குப் பாயாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மீன்பிடிக்கும்போது படகை ஓரிடத்தில் நிறுத்த உதவும் மின்மோட்டாருக்கு, ஏற்றிய எடையில் நூறு இறாத்தலுக்கு 2 இறாத்தல் உந்துவிசை என்பது பழகிய கணக்கு. சிறியதற்கு 12 வோல்ற்றில் 55 இறாத்தல் மோட்டார் அனேகமாகப் போதும். பெரியதற்கு 24 வோல்ற்றில் 80 இறாத்தல் வேண்டிவரும், அதற்குப் பற்றரியும் இரண்டு.

ஐந்தாம் படி: ஆட்களும் தகடும்

6 மீற்றருக்கு உட்பட்ட படகுகளின் உட்புறத்தில், பரிந்துரைக்கப்பட்ட உச்சப் பாரம், ஆட்கள், மோட்டார் வலு ஆகியவற்றைக் காட்டும் தகடு ஒட்டப்பட்டிருக்கும். பாரம் என்பதற்குள் மோட்டாரும் பெற்றோலும் சாமான்களும் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். ஆறு பேர் என்று எழுதியிருந்தால் ஆறு பேர் தூண்டில் வீசலாம் என்று பொருளில்லை. 16.5 அடியில் மூன்று பேர் ஒருவருக்கொருவர் கொக்கி மாட்டாமல் மீன்பிடிக்கலாம், நான்காமவர் வந்தால் ஒருவர் எப்போதும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். 18.5 அடியில் நான்கு பேர் வசதியாக நிற்கலாம்.

இரண்டுமே 6 மீற்றருக்குள் இருப்பதால் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பாதுகாப்புப் பொருட்களின் பட்டியல் ஒன்றுதான். 20 அடிக்குத் தாவினால் அந்தக் கோட்டைக் கடந்துவிடுவீர்கள். அப்போது நீர்புகாக் கைவிளக்கோடு ஆறு அபாய வெளிச்சக்குச்சிகளும் வேண்டும். எந்த அளவானாலும், மோட்டார் பூட்டிய படகை ஓட்டுபவரிடம் படகோட்டுநர் அட்டை இருக்க வேண்டும். ஒருமுறை பரீட்சை எழுதி எடுத்தால் அது ஆயுள் முழுதும் செல்லும்.

ஆறாம் படி: மோட்டாரைக் குறைக்காதீர்கள்

புதியவர் செய்யும் பெரும்பிழைகளில் ஒன்று, பெரிய படகை எடுத்துவிட்டு, கையிருப்புக் குறைந்ததால் அதற்குச் சிறிய மோட்டாரைப் பூட்டுவது. தகட்டில் 115 என்று இருக்கும் படகில் 60 பூட்டினால், தனியே போகும்போது ஓடும். நான்கு பேரும் நிறைந்த பெற்றோல் தொட்டியும் ஏறியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழும். உச்ச அளவில் முக்கால் பங்குக்குக் குறைந்த மோட்டாரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உங்கள் பணம் அவ்வளவுதான் என்றால், சரியான மோட்டாரோடு உள்ள 16.5 அடிதான் நல்ல படகு.

முழு வேகத்தில் ஒவ்வொரு 10 குதிரைவலுவுக்கும் மணிக்கு ஓர் அமெரிக்கக் கலன், அதாவது 3.8 லீற்றர் பெற்றோல் என்பது பொதுக்கணக்கு. 60 குதிரைவலுவுக்கு 23 லீற்றர், 115-க்கு 44 லீற்றர் ஆகும். மிதமான ஓட்டத்தில் இதில் பாதி போகும். போக மூன்றிலொன்று, வர மூன்றிலொன்று, மீதி கையிருப்பு என்று தொட்டியைப் பங்கிடுங்கள்.

பழைய படகு என்றால்

பெரியதன் விலை கைக்கு எட்டாதபோது பழைய 18.5 அடியைத் தேடுவது இயல்பு, தவறும் இல்லை. மோட்டாரின் அடிப்பகுதியைக் கையால் மேலும் கீழும் அழுத்தும்போது பின்பலகை அசைந்தால் உள்ளே இருக்கும் மரம் உக்கியிருக்கலாம், அந்தப் படகை விட்டுவிடுங்கள். ரிவெற் ஆணிகளால் கட்டிய படகென்றால், ட்ரெய்லரில் நிற்கும்போதே தரைக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் கழித்து வெளியே எங்கே துளிர்க்கிறது என்று சோக்கால் குறியுங்கள். இரண்டு மூன்று துளி பெரிய விஷயமில்லை, ஒரு வரிசை முழுவதும் துளிர்த்தால் அது பெரிய வேலை. ட்ரெய்லரில் படகு படுத்திருக்கும் மரச்சட்டங்களையும் பாருங்கள். செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரம் ஈரத்தோடு அலுமினியத்தில் ஒட்டிக் கிடந்தால் தகட்டில் சிறு குழிகள் விழும். எடைமேடையில் ஒருமுறை ஏற்றினால், தரைக்கடியிலுள்ள மிதப்பு நுரை தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். படகுக்கும் ட்ரெய்லருக்கும் தனித்தனி ஆவணங்கள் உண்டு; பின்பலகையில் பொறித்த 12 எழுத்து அடையாள எண் தாளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதன் மேல் கடன் ஏதும் இருக்கிறதா என்று தேடாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசிப் படி: காற்றுள்ள நாளில் ஓட்டிப் பாருங்கள்

விற்பவர் அமைதியான காலை நேரத்தைத்தான் சொல்வார். நீங்கள் 10 நொட் அளவில் காற்று வீசும் ஒரு பிற்பகலைக் கேளுங்கள். வழக்கமாக உங்களோடு வரப்போகிற ஆட்களையே கூட்டிக்கொண்டு போங்கள், தொட்டி பாதியாவது நிறைந்திருக்கட்டும். நின்ற நிலையிலிருந்து படகு மேலெழுந்து ஓட எத்தனை விநாடி எடுக்கிறது, முழு வேகத்தில் மோட்டாரின் சுற்றுகள் அதன் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் வருகின்றனவா, அலைக்கு நேராகவும் குறுக்காகவும் போகும்போது மணிக்கு எத்தனை கிலோமீற்றரில் உங்கள் உடல் போதும் என்கிறது என்று மூன்றையும் எழுதுங்கள். பிறகு நிறுத்திவிட்டு எல்லோரையும் ஒரே பக்கம் வந்து நிற்கச் சொல்லிச் சாய்வைப் பாருங்கள். முடிந்தால் இரண்டு அளவையும் ஒரே நாளில், ஒரே நீரில் ஓட்டுங்கள்.

கரைக்கு வந்ததும் படகை ட்ரெய்லரில் ஏற்றும் வேலையை விற்பவரிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். உங்களோடு வழக்கமாக வருபவர் ஒருவர் மட்டும் உதவட்டும். பக்கக்காற்றில் 18.5 அடியை இருவரால் நேராக ஏற்ற முடிகிறதா என்று அங்கேதான் தெரியும். ஏற்றி முடிந்ததும் அடிமூடியை, அதாவது படகின் நீர் வடியும் துளையை அடைக்கும் மூடியைக் கழற்றி, ட்ரெய்லரில் சிக்கிய நீர்ச்செடிகளை அகற்றுங்கள். 2022 முதல் ஒன்ராறியோவில் படகைத் தெரு வழியே கொண்டுபோகும் முன் இவை இரண்டும் சட்டப்படி கட்டாயம். கழற்றிய அடிமூடியை வேனின் சாவிக்கொத்தில் மாட்டிவிடுங்கள். அடுத்த முறை அதைப் பூட்டாமல் படகை இறக்கி, கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றவர்களில் நானும் ஒருவன்.